உடைப்பை அடைக்கப் போனவர்களுக்கு என்ன வைக்கலாம்?

குடவாசல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு இந்தப் பதில். பல வருஷங்களுக்கு முன் வந்த ஒரு வெள்ளத்தில் அவர் ஊர் ஆற்றங்கரை உடைப்பெடுத்தது. மணல் மூட்டையோடு இறங்கிய இரண்டு பேர் ஆற்றோடு போய்விட்டார்கள். ஒருவர் ஆற்று மதகின் ஷட்டரைப் பார்த்துக்கொண்ட பாசன ஊழியர், லஸ்கர் என்பார்கள்; இன்னொருவர் நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போனவர். இப்போது ஊர்ப் பிள்ளைகள் அவர்கள் நினைவாகப் பணம் சேர்த்திருக்கிறார்கள். "பாதிப் பேர் மார்பளவுச் சிலை என்கிறார்கள், பாதிப் பேர் சின்னதாக ஒரு மண்டபம் என்கிறார்கள். எதை வைத்தாலும் பத்து வருஷம் கழித்து யாராவது திரும்பிப் பார்ப்பார்களா சார், இல்லை காக்கைதான் உட்காருமா?" என்று கேட்கிறார்.

காக்கை எப்படியும் உட்காரும். அதை விடுங்கள்.

தம்பி, முப்பது வருஷம் டெல்டாப் பள்ளிகளில் வரலாறு நடத்தியவன் நான். பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர், தரங்கம்பாடி, வேதாரண்யம் என்று சுற்றியிருக்கிறேன். எந்த இடத்தில் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள், எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன், ஆராய்ச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒரு கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் சாலை ஓரத்தில் நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல் நட்டு, மேலே குறுக்கே ஒரு பலகைக்கல். ஆள் தோள் உயரம் இருக்கும். தலையில் நெல் மூட்டையோ விறகுக்கட்டோ வைத்து நடப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. வழியில் இளைப்பாற இறக்கினால் திரும்பத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். அந்தக் கல் இருந்தால் வேண்டாம். கொஞ்சம் குனிந்து சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு, மூச்சு வாங்கியபின் தானே தலைக்கு ஏற்றிக்கொண்டு போகலாம். அந்தக் கல்லை எதற்காக நட்டார்கள் என்று என் பாட்டிதான் சொன்னார். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன ஒரு பெண்ணுக்காக. இறக்காத சுமையோடு போனவள். அவள் பேரில் நிற்கும் கல் ஊரார் சுமையை இறக்கிவைக்கட்டும் என்பது கணக்கு. தமிழ்நாடு முழுக்க இந்த வழக்கம் உண்டு.

எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல நினைவுச் சின்னம் எந்த அரசும் கட்டியதில்லை. அந்தப் பெண்ணின் முகம் கல்லில் இல்லை. ஆனால் ஒரு நாளில் எத்தனை பேர் அதன் பக்கத்தில் நின்றிருப்பார்கள்! ஒவ்வொருவரும் "அப்பாடா" என்று சொல்லியிருப்பார்கள். அப்புறம் தலைச்சுமை போனது, சைக்கிள் வந்தது, டிராக்டர் வந்தது. சாலையை அகலப்படுத்தியபோது கல்லைப் பிடுங்கிப் போட்டார்கள். பலகைக்கல் இப்போது ஒரு டீக்கடை வாசலில் பெஞ்சாகக் கிடக்கிறது. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. இன்னமும் அதில் ஆட்கள் இளைப்பாறத்தான் செய்கிறார்கள்.

அரசர்களுக்கும் இந்த யோசனை இல்லாமல் இல்லை. ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி தன் காதலி முக்தாம்பாள் பெயரில் 1802-ல் கட்டியது. ராமேஸ்வரம் போகிற யாத்திரிகர்களுக்குச் சோறு, தங்க இடம், படிக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளி என்று அது ஒரு ஊர் போலவே நடந்தது. சாப்பிட்ட இலையை எடுக்கும்போது யாரேனும் "யார் இந்த முக்தாம்பாள்" என்று கேட்டிருப்பார்கள்.

அதே சரபோஜிதான் மனோராவையும் கட்டினார். பட்டுக்கோட்டை தாண்டி, சேதுபாவாசத்திரம் பக்கம் கடற்கரையில் எட்டு அடுக்காக ஒரு கோபுரம். பிரிட்டிஷாரின் வெற்றியையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர, பிரிட்டிஷாரின் நண்பரான தஞ்சை மகாராஜா எழுப்பியது என்று கல்வெட்டே சொல்கிறது. 1814 என்று ஆண்டும் போட்டு, ஐந்து மொழிகளில் வெட்டிவைத்தார்கள். நெப்போலியன் தோற்றதற்கும் ராஜாமடம் மீனவருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. அதனால்தான் அந்த வெற்றிக்காக ஊர் கூடி அங்கே விழா எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனேன். நெப்போலியன் பற்றி அரைமணி நேரம் பேசினேன். ஒரு பையன் கேட்ட ஒரே கேள்வி, "சார், மேலே ஏற விடுவாங்களா?" சுவரில் பார்த்தால் அம்பு துளைத்த இதயமும் இனிஷியலும்தான். கட்டடம் அழகுதான், கடற்காற்றும் சுகம்தான், ஞாயிற்றுக்கிழமை கூட்டமும் வருகிறது. ஆனால் எதற்காகக் கட்டினாரோ அது அங்கே இல்லை. கட்டியவருக்கு வேண்டியதைக் கட்டினார், ஊரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதற்கு நேர் எதிராக ஒன்று சொல்கிறேன். திருவையாறு. தியாகராஜர் 1847 ஜனவரியில் காலமானார். காவிரிக்கரையில் சமாதி. அதற்குப்பின் பல பத்தாண்டுகளில் அந்த இடம் கவனிப்பாரின்றி, புதர் மண்டிப் போனது. சீடப் பரம்பரையினர் ஆராதனை நடத்தினார்கள்தான். ஆனால் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்துகொண்டு நடத்தினார்கள். சமாதி கிடக்கும் நிலையைக் கேள்விப்பட்டு வந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்தவர், சென்னையில் பேரும் பணமுமாகப் பாடிக்கொண்டிருந்தவர். 1920-களில் தன் சம்பாத்தியத்தையும் நகையையும் போட்டு அங்கே கோயில் எழுப்பினார்.

இதில் கசப்பான பகுதி எது தெரியுமா? அவர் கட்டிய இடத்தில் அவரையே பாடவிடவில்லை. பெண்கள் அந்த அரங்கில் பாடக்கூடாது. நாகரத்தினம்மாள் சும்மா இருக்கவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு சமாதியின் பின்பக்கத்தில் தனி ஆராதனை தொடங்கினார். 1940-ஐ ஒட்டித்தான் எல்லாக் கட்சியும் ஒன்றானது, பெண்களும் ஒரே பந்தலுக்கு வந்தார்கள். அவர் 1952-ல் மறைந்தார். அவருடைய சமாதியும் அங்கேயே, தியாகராஜரை நோக்கி இருக்கிறது. அடுத்த முறை போனால் அங்கே இருக்கும் அவர் சிலைக்கு எதிரில் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

இன்றைக்குப் பஞ்சரத்தினக் கீர்த்தனை அன்று காலையில் போய்ப் பாருங்கள். பெரிய வித்வானும், போன வருஷம்தான் பாட்டு கற்க ஆரம்பித்த பள்ளிக்கூடப் பெண்ணும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து ஒரே குரலாகப் பாடுகிறார்கள். மைக்கில் சுருதி சேராவிட்டாலும் யாருக்கும் கவலை இல்லை. அந்த இடத்தில் வந்தவர்களுக்குச் செய்ய ஒரு காரியம் இருக்கிறது. வெறும் பார்வையாளராக யாரும் திரும்புவதில்லை.

உங்கள் கேள்விக்கு இதுதான் பாதி பதில். வருகிறவர் அங்கே என்ன செய்வார்? இதைக் கேட்காமல் கல்லுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

மாலை போடுவது ஒரு காரியம்தானே என்பீர்கள். தஞ்சாவூரில் பெரிய கோயிலுக்கு வெளியே நிற்கிற ராஜராஜன் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-ல் அன்றைய முதல்வர் கலைஞர் கோயிலுக்குள்ளேயே வைக்க நினைத்தார். மத்திய அரசு அனுமதி கொடுக்கவில்லை, வெளியில் வைத்தார்கள். தன் கோயிலுக்கே வெளியில் நிற்கிற ராஜா என்று ஊரில் கிண்டலும் உண்டு, ஆதங்கமும் உண்டு. ஆனால் அவர் பிறந்த நட்சத்திரமான ஐப்பசிச் சதயம் வந்தால் அதற்கு மாலை குவிகிறது. உள்ளே பேரபிஷேகம், வீதியில் ஓதுவார்கள் திருமுறை பாடி வருவது, யானை, மேளம் எல்லாம் அந்த இரண்டு நாளில். மற்ற நாளில் அந்தச் சிலை பஸ்ஸுக்கு அடையாளம் சொல்ல உதவுகிறது. 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்காகக் கட்டிய ராஜராஜன் மணிமண்டபத்துக்கு அந்த மாலைகூட அவ்வளவு வருவதில்லை. மண்டபம் என்று முடிவெடுக்கும் பாதிப் பேரிடம் இதைச் சொல்லுங்கள். சுண்ணாம்பு அடிக்கவும் பூட்டைத் திறக்கவும் ஆள் வேண்டும். முதல் வருஷ உற்சாகத்தில் சாவியை வாங்கியவர் நான்காம் வருஷம் திருப்பூரில் இருப்பார்.

ராஜராஜனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறொன்று இருக்கிறது. அது சிலையில் இல்லை, கோயில் சுவரில் இருக்கிறது. நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்று உத்தரவு போட்டார். "மற்றும் கொடுத்தார்" என்பதைக் கவனியுங்கள். கோயிலில் ஆடக் கொண்டுவந்த 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்களும் எந்தச் சிறகில், அதாவது எந்தத் தெரு வரிசையில், எத்தனையாவது வீடு என்பதோடு வெட்டப்பட்டிருக்கின்றன. கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது. கணக்கு எழுதியவர், துணி வெளுத்தவர், தைத்தவர் எல்லாம் உண்டு. முடி திருத்தியவருக்கு ராஜராஜப் பெருநாவிசன் என்று பட்டமே உண்டு. பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது விமானம் 216 அடி என்று சொன்னால் "ஓ" என்பார்கள், அவ்வளவுதான். நாவிசன் பெயர் இருக்கிறது என்று சொன்னால் "எங்க சார், காட்டுங்க" என்று சுவரில் விரல் வைத்துத் தேடுவார்கள்.

அந்த நாவிசனைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு எப்போதும் வேதாரண்யத்து வைரப்பன் நினைவுக்கு வருவார். 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து உப்பெடுக்கப் புறப்பட்டார். தஞ்சை ஆட்சியராக இருந்த தார்ன் துரை, யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்குத் தண்டனை என்று அறிவித்தார். டெல்டாக்காரனிடம் சோறு போடாதே என்றால் கேட்பானா? சாப்பாட்டுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் போட்ட சோறு என்று மரத்தையா கேட்க முடியும்? 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பள்ளினார்கள். அந்த நாட்களில் வேதாரண்யத்தில் முடிதிருத்துகிற வைரப்பனிடம் சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் வந்து உட்கார்ந்தார். பாதி மழித்தபிறகுதான் போலீஸ் என்று தெரிந்தது. வைரப்பன் கத்தியை மடக்கி வைத்துவிட்டார். இழுத்துக்கொண்டுபோய் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, மீதியை மழி என்றபோது அடைப்பப் பெட்டியை அவர் முன்னால் வைத்து, "நீங்களே மழிச்சு விடுங்க" என்றதாக ஊரில் சொல்வார்கள். சிறைக்குப் போனார். அவருக்கும் வேதாரண்யத்தில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது.

ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளித் தூணுக்குப் பக்கத்தில் இன்னமும் உப்பெடுக்கிறார்கள். ஒரு வருஷம் என் வகுப்பும் போயிருந்தது. காலையிலேயே வெயில் கொளுத்தியது, செருப்பைக் கழற்றினால் கால் வைக்க முடியவில்லை. பேச்செல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் குனிந்து உப்பைக் கையில் எடுத்ததும் பிள்ளைகள் முகமே மாறிவிட்டது. ஒரு பெண் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். ஊர் வந்து சேர்ந்தபோது கைக்குட்டை நனைந்து பாவாடையெல்லாம் ஈரம். "உப்பு தண்ணி விட்டுக்கிச்சு சார்" என்று சிரித்தாள். 1930-ஐ அவள் மறக்கமாட்டாள் என்று அப்போதே தெரிந்தது.

எல்லா நினைவும் இப்படிச் சிரித்துக்கொண்டு திரும்புகிற நினைவாக இருக்காது. கீழ்வெண்மணிக்கு நான் பிள்ளைகளைக் கூட்டிப்போனதில்லை. பள்ளியில் அனுமதி கிடைக்கவில்லை. "வேண்டாத பிரச்சினை" என்றார்கள். தனியாகப் போயிருக்கிறேன். 1968 டிசம்பர் 25 இரவு. கூலியை அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். தாக்க வந்தவர்களுக்குப் பயந்து ஒரு சின்னக் குடிசைக்குள் ஒளிந்தவர்களை வைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், அத்தனை பேரும் தலித்துகள். அன்றைய செய்தித்தாள் 42 என்று எழுதியது. 1973-ல் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலச்சுவான்தார்களை விடுவித்தது. காகிதத்தில் கதை அங்கே முடிந்துவிட்டது. வெண்மணியில் முடியவில்லை. அங்கே கம்யூனிஸ்டுகள் எழுப்பிய தூணில் 44 பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு டிசம்பர் 25-லும் வேனிலும் பஸ்ஸிலும் செங்கொடியோடு வந்து இறங்குகிறார்கள். பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தால், ஒரே வீட்டுக்காரர்கள் அடுத்தடுத்து வருவது தெரியும். அந்த இடத்தில் எனக்குப் படிப்பதை நிறுத்த வேண்டியிருந்தது.

அரசியல் கட்சி கட்டிய சின்னம்தானே என்று சிலர் ஒதுக்குவதுண்டு. இருக்கட்டும். அவர்கள் கட்டாவிட்டால் யார் கட்டியிருப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஊர் முழுக்க ஒத்துக்கொள்கிற நினைவுக்கு மட்டும்தான் கல் என்றால், அடித்தவனும் ஒத்துக்கொள்ளும்வரை அடிபட்டவன் காத்திருக்க வேண்டியதுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் ஊரிலும் லஸ்கர் பெயர் பெரிதாக, கூலிக்காரர் பெயர் சின்னதாக, அல்லது இல்லாமலே போகிற ஆபத்து உண்டு. யார் தெருவுக்குப் பக்கத்தில் வைப்பது என்ற பேச்சு வரும். வரட்டும், பேசித் தீருங்கள். இரண்டு பேரும் ஒரே உடைப்பில் இறங்கியவர்கள்.

வெண்மணி நாளுக்கு மறுநாள் டிசம்பர் 26, சுனாமி நாள். இரண்டும் ஒரே நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு அடுத்தடுத்த நாளில் வருகின்றன. 2004-ல் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்குமேல் போனார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் நினைவுத்தூண் உண்டு, வேளாங்கண்ணியில் உண்டு. அதிகாரிகள் வந்து மலர்வளையம் வைப்பார்கள். மீனவக் கிராமங்களில் அன்றைக்குக் கடலுக்குப் போவதில்லை. பால் குடம் எடுத்துவந்து கடலில் ஊற்றுகிறார்கள். ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு நிற்கிற அந்தப் படகு வரிசையை நான் எந்தத் தூணுக்கும் குறைவாகச் சொல்லமாட்டேன்.

அதே 2004-ல்தான், ஜூலை 16 அன்று, கும்பகோணத்தில் 94 குழந்தைகள். சமையல்கூடத்தில் பிடித்த தீ பள்ளியின் கீற்றுக்கூரைக்குப் பரவியது. பாலக்கரையில் அரசு நினைவிடம் கட்டியிருக்கிறது. ஆனால் பெற்றோர் முதலில் வருவது அந்தப் பள்ளி வாசலுக்குத்தான். புகைப்படங்கள் அச்சிட்ட பேனருக்கு முன்னால் பிள்ளைகளுக்குப் பிடித்த தின்பண்டத்தை வைப்பார்கள். மாலையில் விளக்கேந்தி மகாமகக் குளத்துக்கு ஊர்வலம். அதற்குப்பின் பள்ளிகளில் கீற்றுக்கூரையை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அப்போது நான் வேலை பார்த்த பள்ளியிலும் ஒரு கொட்டகையைப் பிரித்தார்கள். பிரித்து முடித்த அன்று எங்களில் யாரும் பேசவில்லை. இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு முடியாது.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம்.

சிலையில் முதல் சிக்கல் அனுமதி. பொதுச் சாலைகளில் சிலை வைக்க மாநிலங்கள் அனுமதி தரக்கூடாது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்து நடந்து செருப்பு தேயும். வைத்தாலும் இரண்டு வருஷத்தில் கம்பிக்கூண்டு போட வேண்டிவரும். டெல்டாவில் எத்தனை தலைவர்கள் கூண்டுக்குள் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அது போக, இருவரின் முகமும் சிற்பிக்குத் தெரியாது. ரேஷன் கார்டு போட்டோவை வைத்து வடித்தால் யாரோ போலத்தான் வரும். சொந்தப் பேத்திக்கே அடையாளம் தெரியாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் உடைப்பெடுத்த அதே இடத்தில் ஒரு படித்துறை கட்டுவேன். பத்துப் படி போதும். பக்கத்தில் அந்த வருஷம் தண்ணீர் ஏறிய மட்டத்துக்கு ஒரு கல் நட்டு, கோடு போட்டு, தேதியைச் செதுக்கச் சொல்வேன். பிள்ளைகள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று தங்கள் உயரத்தைப் பார்த்துக்கொள்வார்கள், பந்தயம் கட்டி. அடுத்த வெள்ளம் வரும்போது கரையில் நிற்கிறவருக்கும் அந்தக் கோடு உபயோகப்படும். பெயர்கள் இரண்டையும் ஒரே அளவில் மேல்படியின் முகப்பில் வெட்டலாம். நடைபாதைக் கல்லில் வெட்டாதீர்கள், மிதிபடும்.

நினைவு நாள் என்று தனியாக ஒன்றைப் போட்டால் மூன்றாம் வருஷம் ஆள் சேராது. ஆடிப்பெருக்குக்கு எப்படியும் ஊர்ப் பெண்கள் ஆற்றுக்கு வருவார்கள். முளைப்பாரி, காதோலை கருகமணி, சித்திரான்னம், மஞ்சள் கயிறு என்று எல்லாம் அந்தப் படித்துறையிலேயே நடக்கட்டும். முதல் விளக்கை அந்த இரண்டு வீட்டுக்காரர்கள் விடட்டும். அவ்வளவுதான் விழா. மைக் வேண்டாம்.

கரை புறம்போக்கு, நீர்வளத்துறை அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். படித்துறை என்று மனு கொடுத்தால் அவர்களுக்கும் மறுக்கக் கஷ்டம். ஆனால் கரையின் பலத்தைக் குலைக்காமல் எங்கே வைக்கலாம் என்று அவர்கள் பொறியாளர் சொல்வதைக் கேளுங்கள். உடைப்பை அடைத்தவர் பெயரில் இன்னொரு உடைப்பு வந்துவிடக்கூடாது.

பழைய ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே அன்று நடந்ததைப் போனில் பதிவு செய்து வையுங்கள். சவுக்குக் கட்டையை யார் அடித்தார்கள், சாக்கு யார் வீட்டிலிருந்து வந்தது, எத்தனை மணிக்குக் கரை விட்டது என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள், எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பெயரை ஊராட்சி ஏட்டைப் பார்த்து எழுதாதீர்கள். ஏட்டில் ஒரு பெயர் இருக்கும், வீட்டில் கூப்பிட்டது வேறாக இருக்கும். ஒரு தாளில் எழுதி, கல் வெட்டுகிறவரிடம் கொடுப்பதற்கு முன் இரண்டு வீட்டிலும் காட்டுங்கள். எழுத்துப் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.